பொருத்தனைப் பிள்ளைக்கு

அன்பு மகனுக்கு,

கடிதம் என்றால் முதலில் வாழ்த்துதல், அடுத்து இங்கு யாவரும் சுகம், அதற்குப் பிறகுதான் விஷயம் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இன்றைக்கு அந்த வரிசை வேண்டாம். உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறே வரி. நம் பள்ளித் தாளாளர் உனக்கு எழுதியிருப்பதாகவும், நான் ஓய்வு பெறுவதால் காலியாகும் வேதபாட ஆசிரியர் இடத்துக்கு உன்னைக் கேட்டிருப்பதாகவும், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கடைசி வரியில், "உங்க இஷ்டம் எதுவோ அதுதாம்ப்பா என் இஷ்டம்" என்று முடித்திருந்தாய். நல்ல பிள்ளை எழுதுகிற வரி. யாரிடம் காட்டினாலும் கொடுத்துவைத்தவர் என்பார்கள். எனக்கோ அதை இன்னொரு தடவை படிக்கப் பிடிக்கவில்லை. உன் அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஏன் பிடிக்கவில்லை என்றால், பதினெட்டு வயதில் நானும் என் அப்பாவிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதன் பலனை முப்பத்தாறு வருஷம் பள்ளிக் காம்பவுண்டுக்குள் இருந்து அனுபவித்தாயிற்று. நீ கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறையில் இருக்கிறாய், உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்பது தெரியும். வீட்டுக்கு வரும்போது உன் கையைப் பார்த்தாலே தெரியும். இருந்தும் ஒரு வார்த்தையில் அதை என் மடியில் போட்டுவிட்டாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இதை யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். சபையில் எல்லாருக்கும் முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது இது, ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் வீட்டு விஷயம். நீ வருகிறேன் என்று எழுதினால், உன்னை இரண்டு வருஷம் வேதசாஸ்திரப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைப்பார்கள். அதுவரை போதகர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார், நானும் அம்மாவும் பள்ளிக் குவார்ட்டர்ஸிலேயே இருக்கலாம். வரவில்லை என்று எழுதினால் மே மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இதை உன்னிடம் யாரும் மறைக்கவில்லை. நீ கடிதத்தில் சொல்லாமல் விட்ட காரணமும் இதுதான் என்று எனக்குத் தெரியும். தாளாளர் வீட்டுக்கே வந்து, வாசலில் நிற்கிற முருங்கையைத் தட்டிக் காட்டி, "பையன் வந்துட்டா நீங்க எதுக்கு சார் வீட்டை விடணும்? நீங்க வளத்த மரம், இங்கனயே இருங்க" என்றார். மனதாரச் சொன்னார். என்னைக் கட்டிப்போட்டவர்கள் யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் இதில் பெரிய கஷ்டம். கெட்டவன் கட்டியிருந்தால் திட்டிவிட்டு அவிழ்த்துக்கொண்டு போயிருப்பேன்.

எனக்கு ஆறு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. அனுமந்தன்பட்டியில் நம் வீட்டுக்கு வந்து பார்த்த கம்பவுண்டர், இரவு தாண்டினால் பிழைத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாராம். கடவுளுக்கு நேர்ந்துகொள்வதை நம் சபையில் பொருத்தனை என்போம். உன் தாத்தா அன்றைக்குப் பொருத்தனை பண்ணினார், பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்குத் தந்துவிடுகிறேன் என்று. நான் பிழைத்துக்கொண்டேன். மருந்து கொடுத்த கம்பவுண்டருக்கு ஒரு மரக்கால் நெல் போயிற்று, கடவுளுக்கு நான் போனேன். வளர்ந்த பிறகு எனக்குப் பிடித்தது என்ன என்று கேட்டால், பருத்தி வண்டியோடு தேனிக்குப் போவதுதான். வியாபாரிகள் பொதிக்குள் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்து, இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் இழுத்துப் பார்த்து விலை சொல்வார்கள். நானும் இழுத்துப் பார்ப்பேன். அவர்கள் சொல்லும் முன் எனக்குத் தரம் தெரிந்துவிடும். அதைச் சொன்னால் அப்பா சிரிப்பார், "உனக்கு வேற வேலை இருக்குல" என்பார். பதினெட்டு வயதில் அந்த வேற வேலைக்குப் பெட்டி கட்டச் சொன்னபோது, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வேதசாஸ்திரப் பள்ளியில் நாலு வருஷம். படிப்பில் நான் மோசமில்லை. ஆனால் கடைசி வருஷம் பிரசங்கத் தேர்வில் மேடையில் ஏறி நின்றபோது குரல் வரவில்லை. கீழே மூன்று பெரியவர்களும் இருபது மாணவர்களும்தான் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன், அப்போதும் வரவில்லை. இவன் போதகராக முடியாது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று இந்த லுத்தரன் பள்ளிக்கு அனுப்பிவைத்தார்கள். தாத்தாவுக்கு அது பாதிப் பொருத்தனை நிறைவேறியதுபோல். மீதிப் பாதியை நினைத்து அவர் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டார்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீ இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, நீயும் என் வகுப்பில்தானே இருந்தாய். ஆனால் பெஞ்சில் இருந்து பார்ப்பது வேறு. காலை முதல் பீரியடு எல்லாப் பிள்ளைகளுக்கும் வேதக் கதைகள். பதினொரு மணிக்குக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நன்னெறி, இரண்டுக்கும் நானே. சாயங்காலம், சபையில் முழு அங்கமாகச் சேரப்போகும் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு. ஞானோபதேசத்தில் கேள்வியும் அச்சில் இருக்கும், பதிலும் அச்சில் இருக்கும், நான் நடுவில் பிரம்போடு நிற்பேன். வேதபாடத்தில் யாரும் பெயிலாவதில்லை, அதனால் யாரும் படிப்பதுமில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் என் பீரியடைக் கேட்பார். கேட்பார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எடுத்துக்கொள்வார். வாத்தியார்கள் என்னைப் போதகராக நினைத்து, நான் உள்ளே வந்ததும் சினிமாப் பேச்சை நிறுத்துவார்கள். போதகரோ என்னை வாத்தியாராக நினைத்து, ஆலயத்தில் பெஞ்சு நகர்த்தும் வேலையைச் சொல்வார். என் சான்றிதழைப் பள்ளி கேட்டுக்கு வெளியே எடுத்துப் போனால் அது ஒரு காகிதம். வேறு எந்தப் பள்ளியும் அதை வைத்து எனக்கு ஒரு நாற்காலி தராது.

கடவுள்மேல் எனக்குப் புகார் இருக்கிறதென்று நினைத்துவிடாதே. சில நாட்கள், ஊதாரியாகப் போன பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவரும் கதையை ஆறாம் வகுப்பில் சொல்லும்போது, அறுபது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கேட்பார்கள். அன்றைக்கெல்லாம் எனக்கும் நன்றாகத்தான் இருக்கும். அவர் என்னைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை, அவ்வளவுதான். அப்பாதான் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை. நடுவில் மணி அடித்தால் எழுந்தேன், மணி அடித்தால் உட்கார்ந்தேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம். உன் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், தேனியில் பருத்தி மண்டி வைத்து நன்றாக வந்திருந்த சமயம். ஒரு நாள் மண்டிக்குப் போனவன், பழைய ஞாபகத்தில் ஒரு பொதியில் பஞ்சை இழுத்துப் பார்த்து ஏதோ சொன்னேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, பஞ்சு பாக்குற கை உங்களுக்கு இருக்கு. அங்கன பிரம்பைப் பிடிச்சுக்கிட்டு என்ன செய்றீக? இங்கன வந்துருங்க" என்றார். என் வாழ்க்கையில் எனக்கு என்ன வரும் என்று பார்த்துச் சொன்ன ஒரே ஆள் அவர். பஸ்ஸில் திரும்பி வரும்போது வீரபாண்டி தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பிறகு தாத்தாவின் முகம் ஞாபகம் வந்தது. நான் பள்ளியை விட்டால் அவருடைய பொருத்தனை முறிந்துபோகும். அப்போது நீ பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வேதம் படித்தவனுக்குத்தான் வரும் இப்படிப்பட்ட யோசனை. ஒன்றுக்குப் பதில் ஒன்று கொடுத்து மீட்டுக்கொள்வது பற்றிப் பழைய ஏற்பாட்டில் பாடம் நடத்தி நடத்தி, எனக்கும் அது செல்லும் என்று முடிவு செய்துவிட்டேன். அப்பா கொடுத்த என்னை நான் எடுத்துக்கொள்வது, எனக்குப் பதிலாக உன்னைக் கொடுத்துவிடுவது. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் பூசணிக்காயும் வாழைத்தாரும் நெல் மூட்டையும் குவிந்து கிடந்தன, காலைக் கட்டிப் போட்ட சேவல்கள் நாலைந்து. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவது உனக்கும் தெரியும். போதகர் காணிக்கைகளுக்காக ஜெபிக்கப் போகும்போது, பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவின் மடியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். இந்தப் பிள்ளையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்றேன். மேடையில் வராத குரல் அன்றைக்கு நன்றாக வந்தது. சபை முழுவதும் ஆமென் சொன்னது. தாத்தா அழுதார். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு இடப்பக்கம் ஒரு பூசணிக்காய் இருந்தது, அதுகூட எனக்கு ஞாபகமிருக்கிறது.

அடுத்த வாரம் அப்போதிருந்த தாளாளரிடம் போய், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். பொருத்தனைப் பிள்ளையின் தகப்பன் பஞ்சு மண்டியிலா உட்காருவது, பிள்ளையை இந்தக் காம்பவுண்டில் அல்லவா வளர்க்க வேண்டும் என்றார். போதகரும் அதையே சொன்னார். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, தான் கொடுத்ததற்குக் கடவுள் இரட்டிப்பாகத் தந்துவிட்டார் என்றார். மறுநாள் வழக்கம்போல வகுப்புக்குப் போனேன். உன்னைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கப் பார்த்தேன், உன்னைக் கொடுத்ததாலேயே நானும் வெளியே போக முடியாமல் ஆயிற்று. மாமா ஒரு வருஷம் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். இதை இருபத்து நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்: பக்தியில் உன்னைக் கொடுக்கவில்லை, மகனே. தப்பித்துக்கொள்ளக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நீ எல்லாருக்கும் குட்டிப் போதகர். கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு உனக்கு. யார் வீட்டுச் சன்னலை உடைத்தாலும் உன்னை யாரும் அடிக்கமாட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து நான் அடித்தேன். சின்னமனூரில் நல்ல படம் வந்தால் மற்ற வாத்தியார் பிள்ளைகள் போவார்கள், நீ வாசலில் நின்று அவர்கள் போவதைப் பார்ப்பாய். வீட்டில் எந்தச் சாமானும் உன் கையில் முழுதாக இருந்ததில்லை. டார்ச் லைட்டைப் பிரிப்பாய், என் அலாரம் கடிகாரத்தைப் பிரிப்பாய், திரும்பப் பூட்டுவாய், அது முன்னைவிட நன்றாக ஓடும். நான் பாராட்டியதில்லை. ஊழியத்துக்கு நேர்ந்த கை திருப்புளி பிடிப்பது எனக்கு உறுத்தியது. உன் கையைப் பார்த்தபோதெல்லாம் எனக்குப் பஞ்சு பார்த்த என் கை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அல்லது வரவிடவில்லை.

கிணற்று மோட்டார் விஷயத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினாறு வயது. கோடையில் விடுதிக் கிணற்று மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. நூற்றிருபது பிள்ளைகள் குளிக்க வழியில்லை. சின்னமனூர் மெக்கானிக் கடமலைக்குண்டுப் பக்கம் போயிருந்தான், வர மூன்று நாளாகும் என்றார்கள். நான் பிள்ளைகளை ஆலயத்தில் உட்காரவைத்து, தண்ணீருக்காக ஜெபம் நடத்திக்கொண்டிருந்தேன். நீ மட்டும் அங்கே இல்லை. கயிறு கட்டிக் கிணற்றில் இறங்கி, குழாயின் அடியில் இருக்கும் வால்வைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷருக்குப் பதில் பழைய லாரி டியூபை வட்டமாக வெட்டிப் போட்டு, மேலே வந்து சுவிட்சைப் போட்டாய். ஜெபம் முடிந்து வெளியே வந்தால் தொட்டியில் தண்ணீர் விழுகிறது. நீ தலைமுதல் கால்வரை பாசியும் கிரீஸுமாக நின்றாய். அப்படிச் சிரித்து நான் உன்னைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்னேன், ஜெபம் முடிவதற்குள் கடவுள் தண்ணீரைத் தந்தார் என்று. கிணற்றில் இறங்கியது யார் என்று சொல்லவில்லை. சொன்னால் பொருத்தனைப் பிள்ளை மெக்கானிக் ஆகிவிடுவானோ என்று பயம். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நீ இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வையைச் சந்திக்காமல் நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

நீ கல்லூரியில் கடைசி வருஷம் இருந்தபோது நடந்தது ஒன்று உனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசியில் சீர்திருத்தத் திருநாளுக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பில் நம் சபைக்குப் பெயர் வரக் காரணமான அந்த ஜெர்மன் துறவியின் கதையைச் சொல்வேன். வாலிபத்தில் ஒரு நாள் வழியில் இடி விழுந்து, உயிர்ப் பயத்தில், பிழைத்தால் துறவியாகிறேன் என்று பொருத்தனை பண்ணினார். மடத்தில் சேர்ந்தார். பல வருஷம் கழித்து, பயத்தில் பண்ணிய பொருத்தனையால் கடவுளைச் சம்பாதிக்க முடியாது என்று கண்டு வெளியே வந்தார். இதை முப்பது தடவைக்குமேல் நடத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட என் வீட்டு வாசல்வரை அதைக் கொண்டு வந்து யோசித்ததில்லை. அந்த வருஷம் அனுமந்தன்பட்டியிலிருந்து வரும் நிலம் உழும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண் எழுந்து நின்றாள். "சார், அவரு இடிக்குப் பயந்து அவரையே நேந்துக்கிட்டாரு, பெறகு அவரே அவுத்துக்கிட்டாரு. எங்க வீட்டுல கிடாயை நேந்து விடுவாக. அது எப்பிடி சார் அவுத்துக்கும்? நேந்தது அது இல்லையே" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை நீயும் பார்த்திருக்கிறாய். காதில் அடையாளம் இருக்கும், யாரும் கட்டிப்போடமாட்டார்கள். யார் வயலில் மேய்ந்தாலும் யாரும் அடிக்கமாட்டார்கள், எல்லார் வீட்டு வாசலிலும் அதற்கு ஏதாவது கிடைக்கும். திருவிழா வரை அது ராஜாதான். நான் சாக்பீஸோடு நின்றேன். கேக் துண்டோடு நீ வீடு வீடாகப் போனது கண்முன் வந்தது. என் கேள்விகளுக்கெல்லாம் அச்சில் பதில் இருந்தது, இதற்கு எந்தப் பக்கத்திலும் இல்லை. "உக்காரும்மா" என்றேன். அந்தப் பிள்ளைக்கு அதைத் தவிர வேறு பதிலை நான் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அந்த வருஷம் நீ பட்டறையில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றபோது நான் தடுக்காததற்கு அவள்தான் காரணம். தடுக்கவில்லையே தவிர, விடவும் இல்லை. கொஞ்ச நாள் போ, பிறகு ஊழியத்துக்கு வரவேண்டும் என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன். கயிற்றை நீளமாக விட்டேன், அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அரிசி களையப் போன உன் அம்மா திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பையன் வந்துவிடுவான் போலிருக்கிறது, வீட்டுக் கவலை தீர்ந்தது என்று ஏதோ சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் சொன்னேன். "நான் அன்னைக்கு ஆமென் சொல்லல" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. எந்த அன்றைக்கு என்றேன். "அறுப்புப் பண்டிகை அன்னைக்கு. பிள்ளை பெத்து மூணு மாசம் ஆகல, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மடியில இருந்து தூக்கிட்டுப் போனீக. சபையே ஆமென் சொன்னுச்சு. நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவே இல்லையே என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து போய் உலையை வைத்தாள்.

பழைய ஏற்பாட்டில் இருக்கும் பொருத்தனைச் சட்டம் எனக்கு மனப்பாடம். மனைவி பண்ணிய பொருத்தனையைக் கணவன் கேட்ட நாளிலேயே தள்ளிவிடலாம், கணவன் பண்ணியதை மனைவி தள்ள வழி கிடையாது. இத்தனை வருஷம் அதை நடத்திவிட்டு, அந்த வழி இல்லாத இடத்தில் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் அடைபட்டுக் கிடந்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட உள்ளே இருந்திருக்கிறாள், ஒரு பெருமூச்சுகூடக் கேட்காமல். நீ எங்கள் இருவரையும் விட உள்ளே இருந்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிரிவு உபசார ஆராதனை. மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், சாட்சி சொல்லச் சொன்னார்கள். பீடத்துக்கு முன்னால் போய் நின்றதும் பிரசங்கத் தேர்வு ஞாபகம் வந்தது. பிறகு கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்குத் தண்ணீர் வந்தது என் மகன் கிணற்றில் இறங்கியதால், நான் அதை மறைத்துச் சாட்சி சொன்னேன், அது பொய்ச் சாட்சி என்றேன். அறுப்பின் பண்டிகையைப் பற்றியும், பருத்தி மண்டியைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் தாளாளர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னுதா இல்லாததை எடுத்துக் காணிக்கை வச்சுட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கவும் எனக்கு உரிமை இல்லை. அவனை அவன்கிட்டயே விடுறேன்" என்றேன். என்னால் இலக்கணமாகப் பேச முடியவில்லை. போதகர் தொண்டையைச் செருமினார், பாட்டு எண்ணைச் சொல்லலாமா என்று பார்த்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை, எதற்குச் சொல்வார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் ஆமென் என்றது. சத்தமாகவே சொன்னாள். இருபத்து நாலு வருஷம் வைத்திருந்த ஆமென்.

சாவியை மறுநாளே கொடுத்துவிட்டேன். சின்னமனூரில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் இரண்டு அறை பிடித்திருக்கிறேன். பகலெல்லாம் மில் சத்தம், தவிட்டுத் தூசி, அம்மா அதற்குள் ஜன்னலுக்குத் துணி கட்டிவிட்டாள். முருங்கையைக் கொண்டுவர முடியாது, ஒரு கிளையை ஒடித்து வந்து ஊன்றியிருக்கிறாள். பையன் பதில் வரும்வரையாவது இருங்களேன் என்று தாளாளர் வருத்தப்பட்டார். பதில் வரும்போது நாங்கள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு விடுதலை வந்துவிட்டதாக எண்ணாதே. இங்கேயும் காலையில் இல்லாத மணிக்கு எழுந்து உட்காருகிறேன், பதினொரு மணி ஆனால் கை பிரம்பைத் தேடுகிறது. ஐம்பத்தெட்டு வயதில் பஞ்சு பார்க்க யாரும் கூப்பிடப் போவதில்லை. எனக்கு இது இவ்வளவுதான்.

உன் சார்பில் தாளாளருக்கு நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வரமாட்டான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் மறுபடியும் உன்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவனாவேன். நீ வரக் கூடாது என்பது என் ஆசை, அதையும் நீ பொருட்படுத்தாதே. உனக்கே அந்த வகுப்பறை வேண்டும் என்றால் வா, உன்னைப் போன்றவன் கிடைத்தால் பிள்ளைகளுக்கு நல்லது. அந்தப் பெண் கேட்ட மாதிரிக் கேள்வி வந்தால் உட்காரச் சொல்லாதே. வேண்டாம் என்றால், கடவுள் உன்மேல் கோபப்படுவார் என்று பயப்படாதே. உன்னைக் கேட்காமல் அவரிடம் உன்னைக் கொடுத்தவன் நான், கோபம் இருந்தால் என்னிடம் காட்டட்டும்.

இதனோடு ஒரு உறை இருக்கிறது. அம்மா புது விலாசத்தைத் தன் கையால் எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி வைத்திருக்கிறாள். நீளமாக எழுத வேண்டாம். வேலை முடிந்து உட்கார்ந்து எழுது, காகிதத்தில் கிரீஸ் பட்டாலும் பரவாயில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. உங்கள் இஷ்டம் என்று மட்டும் எழுதாதே.

இந்தத் தடவை கேட்டுவிட்டுக் காத்திருக்கும்
உன் அப்பா